தலையினுள் ஒரு கொள்ளிடம்

வகுப்பில் உறங்கும் மாணவரைக் காணின் ஆசிரியர்க்குச் சினம் உண்டாதல் இயல்பு. அதிலும் காலை முதல் வகுப்பிலேயே, தாம் இரவெல்லாம் ஆராய்ந்து கொணர்ந்த பொருளைக் கேளாது ஒருவர் தலை கவிழ்ந்திருப்பாராயின் அச்சினம் இருமடங்காகும். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசித் திங்களில் யாமும் அவ்வாறே சினந்தோம். ஸ்ரீரங்கத்திலிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்து பயிலும் மாணவர் அவர், இரண்டாம் ஆண்டினர், அதுகாறும் முன்வரிசையில் அமர்ந்து வினாக்களை எழுப்பி வந்தவர். திடீரெனப் பின்வரிசைக்குச் சென்றார். நெற்றியைக் கையில் தாங்கிக் கண்மூடியிருந்தார். “இரவெல்லாம் கைப்பேசியை நோக்கியிருந்தால் பகலில் உறக்கந்தான் வரும்” என யாம் கூறினோம். வகுப்பு நகைத்தது. அவர் ஒன்றும் மறுமொழி கூறவில்லை.

அடுத்த கிழமையில் அவர் வரவில்லை. பத்து நாட்கள் கழிந்தபின் அவருடைய தாயார் விடுப்புக் கடிதத்துடன் துறை அறைக்கு வந்தார். “சார், அது தூக்கம் இல்லை. அவன் தலையிலே வச்சிருக்கிற டியூப் அடைச்சுப் போச்சு. ராத்திரியோட ராத்திரியா ஆபரேஷன் பண்ணினாங்க. இப்போ நல்லா இருக்கான்” என்றார். யாம் ஒன்றும் விளங்காது விழித்தோம். பதினெட்டு ஆண்டுகளாகத் தம் மகனின் தலையையும் கண்களையும் நோக்கி நோக்கிப் பழகிய அவ்வம்மையார், எம் அறியாமையைப் பொறுத்துக்கொண்டு, அரைமணிப் பொழுதில் எமக்கு ஒரு பாடம் நடத்தினார். அன்று தொடங்கி யாம் நூல்களிலும் மருத்துவரிடத்தும் கேட்டறிந்தவற்றை ஈண்டுத் தொகுத்து எழுதுகின்றோம். அம்மாணவர் இதற்கு இசைந்தார். பெயர் மட்டும் வேண்டா என்றார்.

நம் மூளை கபாலத்தினுள் வெறிதே வைக்கப்பட்ட பொருளன்று. தெளிந்த நீர் ஒன்றனுள் அது மிதந்துகொண்டிருக்கின்றது. மூளையின் உள்ளேயும் நான்கு அறைகள் உள. வலமும் இடமுமாக இரண்டு பெரிய அறைகள். அவற்றின் கீழ் நடுவில் மூன்றாவது. அதற்கும் கீழே சிறுமூளையின் முன்னர் நான்காவது. இவ்வறைகளின் சுவரிலுள்ள நுண்ணிய இரத்தக்குழாய்ப் பின்னல்களிலிருந்து இந்நீர் இடையறாது ஊறுகின்றது. வளர்ந்த ஒருவர்க்கு ஒரு நாளில் ஊறும் அளவு ஏறக்குறைய 500 மில்லிலிட்டர். ஆயின் எந்நேரத்தும் உள்ளே நிற்பது ஏறக்குறைய 150 மில்லிலிட்டரே. எனவே ஒரு நாளில் மூன்று முறைக்கு மேல் பழைய நீர் கழிந்து புதுநீர் புகுகின்றது என்பது பெறப்படும். முதலிரண்டு அறைகளில் ஊறிய நீர் மூன்றாம் அறையிற் புகுந்து, ஊசித்துளை போன்ற குறுகிய கால்வாய் ஒன்றின் வழியாக நான்காம் அறையை அடைந்து, அங்கிருந்து வெளிப்போந்து, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்து ஓடி, இறுதியில் தலையின் மேற்புறத்துள்ள பெரிய சிரைகளில் வடிந்து குருதியோடு கலக்கின்றது. மூளைக்கு மெத்தையாதலும், அதன் கழிவை அகற்றுதலும் இந்நீரின் தொழில்கள்.

வரவு குன்றாதிருக்க, செலவுக்குரிய வழி அடைபட்டால் என்னாகும்? அறைகள் நீர்நிறைந்து விரியும்; மூளையின் மென்மையான பகுதிகள் உள்ளிருந்து நெருக்குண்ணும். இந்நோயை மேனாட்டார் ஹைட்ரோகெஃபலஸ் என்பர். நீர், தலை என்னும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. தமிழில் மூளைநீர்க் கோவை எனலாம். நம் ஊர்த் தாய்மார் ‘தலையில் நீர் கோத்திருக்கிறது’ என்கின்றனர். அதுவே தெளிவான வழக்கு.

பிறந்த குழந்தைக்குக் கபால எலும்புகள் ஒன்றோடொன்று பொருந்தியிரா. ஆகலின் நீர் மிகுந்தால் தலை பெருக்கும். உச்சிக்குழி தளர்ந்திராது புடைத்து நிற்கும். தலைத்தோலின் நரம்புகள் தடித்துத் தோன்றும். கண்கள் மேல்நோக்க இயலாது, மாலைக் கதிரவன்போலக் கீழிமைக்குள் சாய்ந்து நிற்கும். இதனைத் தொடக்கத்திலேயே காட்டிக்கொடுக்கும் கருவி யாதெனின், தையற்காரரிடத்தும் உள்ள ஓர் அளவு நாடாவேயாம். பிறப்பின்போது தலையின் சுற்றளவு ஏறக்குறைய 35 சென்டிமீட்டர். ஓராண்டு நிரம்புகையில் ஏறக்குறைய 46. திங்கள்தோறும் அளந்து குறித்துவரின், கோடு தன் வழியை விட்டு மேலேறுவது கண்ணுக்குப் புலப்படும். தடுப்பூசி போடும் நாளில் தலையையும் அளக்குமாறு கேட்பதற்குத் தாய்மார் கூசுதல் வேண்டா.

காரணங்கள் பல. மேற்கூறிய குறுகிய கால்வாய் பிறவியிலேயே அடைபட்டிருத்தல் ஒன்று. முதுகெலும்பு மூடாது பிறக்கும் குழந்தைகளுட் பெரும்பாலார்க்கு இந்நோயும் உடன் வரும். கருவுறுதற்கு முன்பிருந்தே தாய் ஃபோலிக் அமிலம் உட்கொண்டால் அக்குறைபாடு பெரிதும் தவிர்க்கப்படும். குறைமாதத்தில் பிறந்த சிசுக்களுக்கு மூளையறைகளில் குருதி கசிந்து வழியை அடைத்தலும் உண்டு. நம் நாட்டில் சிறப்பாகக் கருதத்தக்கது காசநோய்க் கிருமி மூளையுறையைத் தாக்குவதால் வருவது. வளர்ந்தவர்க்குக் கட்டியினாலும், தலைக்காயத்தினாலும், குருதிக் கசிவினாலும் வரலாம். வளர்ந்தவரின் கபாலம் விரியாது. ஆதலின் நெருக்கம் முழுவதையும் மூளையே தாங்க வேண்டியதாகின்றது. தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், மயக்கம் என அது வெளிப்படும்.

இச்சஞ்சிகையைக் கையிலேந்தும் முதிய பழைய மாணவர்களுக்கு ஒரு சொல். அறுபது வயதைக் கடந்தவர்க்கு, தலைவலி ஏதுமின்றியே நீர் மெல்ல மிகும் வகை ஒன்றுண்டு. கொலம்பியா நாட்டு மருத்துவர் சாலமோன் ஹக்கீம் என்பார் 1965ஆம் ஆண்டில் அதனை விளக்கி எழுதினார். கால்கள் தரையில் ஒட்டிக்கொண்டாற்போல நடை தடுமாறும்; சிறுநீரை அடக்க இயலாது; நினைவு மங்கும். ‘வயதாகிவிட்டது, வேறென்ன’ என்று வீட்டார் விட்டுவிடுவர். இம்மூன்றும் ஒருங்கே வருமாயின், குறிப்பாக நடை முதலில் கெடுமாயின், மருத்துவரிடம் தலைப்படம் எடுத்துக் காட்டுதல் நன்று. மறதிநோய் எனக் கைவிடப்பட்டவருட் சிலர் இதற்குரிய சிகிச்சையால் மீண்டும் நடந்திருக்கின்றனர்.

இனிச் சிகிச்சைக்கு வருவோம். அதனை விளக்குதற்கு யாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. முக்கொம்பு வரை சென்றாற் போதும்.

நம் நகருக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகின்றது. தென்கிளை காவிரியென்னும் பெயரோடு தஞ்சை வயல்களை நோக்கிச் செல்ல, வடகிளை கொள்ளிடமாகிக் கடலை நோக்கி விரைகின்றது. இரண்டற்கும் இடைப்பட்ட தீவே ஸ்ரீரங்கம். மிகுந்த வெள்ளத்தைக் கொள்ளும் இடமாதலின் கொள்ளிடம் என்பர். அஃது இல்லையேல் ஆடிப் பெருக்கில் காவிரிக் கரைகள் என்னாகும் என்பதை உழவர்க்கு யாம் சொல்ல வேண்டியதில்லை. மூளைநீர்க் கோவைக்கு மருத்துவர் செய்வதும் இதுவே. அடைபட்ட இயற்கை வழியைத் திறக்க இயலாதவிடத்து, மிகுநீர் செல்லப் புதிய கிளை ஒன்றை வெட்டிவிடுகின்றனர். அச்செயற்கைக் கொள்ளிடத்திற்கு ‘ஷண்ட்’ என்று பெயர்.

ஆயின் கிளை வெட்டினால் மட்டும் போதாது. கொள்ளிடத்தின் படுகை காவிரியினும் தாழ்ந்தது. கடலுக்குக் குறுகிய வழியும் அதுவே. ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீர் பெரும்பாலும் கொள்ளிடத்திலேயே பாய்ந்தோட, காவிரி மணல்மேடிட்டுத் தஞ்சை வயல்கள் நீரின்றி வாடின. அப்பொழுது ஆர்தர் காட்டன் என்னும் பொறியியலறிஞர் 1836ஆம் ஆண்டளவில் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டினார். காவிரிக்கு வேண்டிய நீர் நின்றபின், அணையின் மட்டத்திற்கு மேற்பட்டதே கொள்ளிடத்திற்குப் போகும். ஷண்டிலும் இத்தகைய அணை ஒன்று உண்டு. அதுவே ‘வால்வ்’ என்னும் தடுக்கிதழ். தலையினுள் நீரின் அழுத்தம் குறித்த அளவைக் கடந்தால் அது திறக்கும், குறைந்தால் மூடும், வடிந்த நீர் மீண்டும் மேலே ஏறவொட்டாது. இவ்வணை இல்லையேல் மூளை வற்றிச் சுருங்கும். வற்றுதலும் வெள்ளத்தைப்போலவே தீங்கானது. எழுந்து நின்றால் தலைவலி, படுத்தால் தணிவு என அது தோன்றும். சிலர்க்கு மூளைக்கும் கபாலத்திற்கும் இடையே குருதி தேங்குதலும் நேரும்.

ஷண்டின் அமைப்பு எளியது. சிலிக்கோன் என்னும் மென்ரப்பரால் ஆகிய மெல்லிய குழாய் ஒன்று, கபாலத்தில் இட்ட சிறு துளை வழியே மூளையறையினுட் செல்கின்றது. அதன் மறுமுனை தோலுக்கடியில், பெரும்பாலும் காதின் பின்புறத்தில் அமைந்த வால்வோடு பொருந்துகின்றது. அங்கிருந்து மற்றொரு நீண்ட குழாய் தோலின்கீழேயே கழுத்து, மார்பு வழியாக இறங்கி வயிற்றறையினுட் புகுந்து, குடல்களைச் சூழ்ந்த இடத்தில் நீரைச் சொரிகின்றது. அங்கே உடல் அதனை உறிஞ்சிக்கொள்கின்றது. வயிற்றில் இடமில்லாதவிடத்து இதயத்தின் மேலறைக்கும் குழாயைச் செலுத்துவர். சிசுக்களுக்கு வைக்கும்போது, அவர்கள் வளருங்கால் இழுபடாதிருக்க, வயிற்றினுள் குழாயை நீளமாகவே விட்டுவைப்பர். உயரம் ஏற ஏற அது நிமிர்ந்துகொள்ளும். வெளியே ஒன்றும் தெரியாது. கழுத்தில் விரல் வைத்து நோக்கினால் மட்டும் கயிறுபோல் ஒன்று தட்டுப்படும். நம் மாணவரின் நண்பர்கள் நெடுநாள் அதனை நரம்பென்றே கருதியிருந்தனர்.

இக்கருவியின் வரலாற்றில் தந்தையர் இருவர் வருகின்றனர். இருவரும் மருத்துவர் அல்லர். 1949ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் நல்சன், ஸ்பிட்ஸ் என்னும் மருத்துவர் இருவர் ஒருவழி வால்வ் ஒன்றை நோயாளி ஒருவர்க்குப் பொருத்தினர். எனினும் பலர்க்கும் பயன்படத்தக்க, அடைபடாத வால்வ் கிடைத்திலது. 1955ஆம் ஆண்டின் இறுதியில் பிலடெல்பியாப் பக்கத்துப் பூட்டுத் தொழிற்சாலை ஒன்றில் கைவினைஞராயிருந்த ஜான் ஹோல்ட்டர் என்பார்க்கு இந்நோயோடு ஓர் ஆண்மகவு பிறந்தது. ஸ்பிட்ஸ் தமது இடர்ப்பாட்டை அவரிடம் விளக்க, பூட்டும் சாவியும் செய்து பழகிய அக்கைகள் சில கிழமைகளில், நுண்ணிய பிளவுகளையுடைய சிலிக்கோன் வால்வைச் செய்து முடித்தன. 1956இல் அது பயனுக்கு வந்தது. அவருடைய மகன் சில ஆண்டுகளே வாழ்ந்தான். அவன்பொருட்டுப் பிறந்த கருவியோ உலகெங்கும் எண்ணிறந்த குழந்தைகளை வாழ்வித்தது.

மற்றவர் குழந்தைகளுக்குக் கதை எழுதிப் புகழ்பெற்ற ரோல்டு டால். 1960இல் நியூயார்க் நகரத் தெருவில் அவருடைய கைக்குழந்தையின் தள்ளுவண்டியின்மீது வாடகை மோட்டார் மோத, குழந்தையின் தலையில் நீர் கோத்தது. வைத்த ஷண்ட் அடிக்கடி அடைபட்டது. டால் வாளாவிருந்தாரல்லர். விளையாட்டு விமானங்களுக்குச் சிற்றியந்திரம் செய்து வந்த ஸ்டான்லி வேட் என்னும் நண்பரையும், கென்னெத் டில் என்னும் மருத்துவரையும் கூட்டி, 1962இல் எளிதில் அடைபடாத வால்வ் ஒன்றை உருவாக்கினார். மூவரும் அதில் ஊதியம் கொள்ளவில்லை. அது முடிந்தபோது அவர் மகனுக்கு அது தேவையற்றுப் போயிற்று. பிறர் குழந்தைகளே பயன்கொண்டனர்.

நல்சனும் ஸ்பிட்ஸும் தம் வால்வைப் பொருத்திய அதே 1949ஆம் ஆண்டில், நம் மாகாணத்தின் வேலூரில் வேறொரு தொடக்கம் நிகழ்ந்தது. மிஷன் மருத்துவராகிய ஜேக்கப் சாண்டி, கனடாவின் மான்ட்ரியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்டு என்னும் பேரறிஞரிடம் பயின்று திரும்பி, வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் மூளை நரம்பு அறுவைக்கெனத் தனித்துறையை நிறுவினார். இந்தியாவில் அத்தகைய துறை அதுவே முதலாவது. அடுத்த ஆண்டிலேயே சென்னை அரசாங்கப் பொது மருத்துவமனையில் டாக்டர் பா. இராமமூர்த்தி அப்பணியைத் தொடங்கினார். அவர் சீர்காழியிற் பிறந்து, நம் திருச்சிராப்பள்ளியிற் பள்ளிக்கல்வி பயின்றவர் என்பதை இங்குக் குறிக்காமல் விடுதற்கு எமக்கு மனமில்லை. இன்று இவ்வறுவைக்காக வேலூருக்கோ சென்னைக்கோ செல்ல வேண்டுவதில்லை, திருச்சிராப்பள்ளியிலேயே செய்யப்படுகின்றது. நம் மாணவர்க்கு எட்டாம் மாதத்தில் முதல் ஷண்ட் வைத்ததும் இந்நகரிலேயே.

விலையைப் பற்றியும் கூற வேண்டும். ஏழை வீட்டில் அறம் விலையில்தான் தொடங்குகின்றது. அயல்நாட்டு ஷண்டுகள் நம்மனோர்க்கு எட்டாதிருந்த காலத்தில், வட இந்தியாவின் மருத்துவர் சாப்ரா என்பார் வடிவமைத்த ஷண்ட், உத்தரப் பிரதேசத்து ஷாஜஹான்பூரில் குறைந்த விலைக்குச் செய்யப்படலாயிற்று. ‘மலிவானது மட்டமாயிருக்கும்’ என்பார் பலர். ஆப்பிரிக்காவில் உகாண்டா நாட்டின் ம்பாலே நகரில் உள்ள மிஷன் மருத்துவமனை ஒன்றில் பெஞ்சமின் வார்ஃப் என்னும் அமெரிக்க மருத்துவர் இவ்வையத்தைச் சோதித்தார். 195 குழந்தைகளுட் சிலர்க்குச் சாப்ரா ஷண்டும், பிறர்க்கு விலையுயர்ந்த அயல்நாட்டு ஷண்டும் வைத்து ஓராண்டு நோக்கினார். முன்னதன் விலை 35 டாலர். பின்னதன் விலை 650 டாலர். 2005இல் வெளியான அம்முடிவில் இரண்டற்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஷாஜஹான்பூர்க் குழாய் உகாண்டாக் குழந்தையின் தலையில் இருந்து தன் கடமையைச் செய்தது. அவ்வார்ஃப் என்பாரே, சில குழந்தைகளுக்கு ஷண்டே வேண்டாதபடி, உள்நோக்கிக் குழாயால் மூன்றாம் அறையின் அடித்தளத்தில் ஒரு துளையிட்டு நீருக்கு வழிசெய்யும் முறையையும் விரிவுபடுத்தினார். அம்முறை எல்லார்க்கும் பொருந்தாது. பொருந்துவோர்க்கு அயற்பொருள் உடலில் தங்காமை பெரும்பேறு.

அயற்பொருள் என்றோம். ஷண்டோடு வாழ்தலின் கடினம் முழுவதும் அச்சொல்லில் அடங்கும். 2018ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 22ஆம் நாள் இரவில், பெருவெள்ளத்தின் நடுவே முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது மதகுகள் இடிந்து வீழ்ந்ததை நம்மூரார் மறந்திரார். நூற்றெண்பது ஆண்டுகள் நின்ற கட்டிடமே ஓரிரவில் இற்றதெனின், மயிரிழை போன்ற துளைகளையுடைய குழாய் என்றென்றும் நிற்கும் என எதிர்பார்த்தல் எவ்வாறு? குழந்தைகளுக்கு வைக்கும் ஷண்டுகளுள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கோ அதற்கு மேலோ முதல் ஆண்டிலேயே பழுதுறுகின்றன. இரண்டாண்டில் ஏறக்குறைய பாதி. மூளையறையின் இழைகள் துளைகளை அடைத்தல், குழாய் அறுதல், இணைப்புக் கழலுதல், கிருமி தொற்றுதல் ஆகியன காரணங்கள். கிருமித் தொற்றுப் பெரும்பாலும் அறுவைக்குப் பின் சில திங்களுக்குள் வரும். ஏனைய பழுதுகள் எந்த ஆண்டிலும் வரலாம். பத்தாண்டு பழுதின்றி இருந்தமை பதினோராம் ஆண்டிற்குப் பிணையாகாது. நம் மாணவர்க்கு எட்டு வயதில் ஒருமுறை மாற்றியிருந்தனர். பின்னர்ப் பத்தாண்டு ஒன்றும் நேர்ந்திலது. ஆகவே வீட்டாரும் சிறிது அயர்ந்திருந்த வேளையில் அவ்வைப்பசி வந்தது.

அடைபட்ட ஷண்டின் அறிகுறிகளை ஆசிரியரும் விடுதிக் காப்பாளரும் அறைத்தோழரும் அறிந்திருத்தல் வேண்டும். தலைவலி, சிறப்பாகக் காலையில் எழும்போது மிகுதல். இரவெல்லாம் படுத்திருத்தலின் அழுத்தம் ஏறுவதே அதற்குக் காரணம். குமட்டலின்றித் திடீரென எழும் வாந்தி. இரட்டைப் பார்வை. வழக்கத்திற்கு மாறான உறக்கம், எழுப்பினாலும் தெளியாமை. சிடுசிடுப்பு. முன்னே எளிதிற் செய்த கணக்கு இப்போது வாராமை. தொற்றாயின் காய்ச்சலும், குழாய் ஓடும் வழியில் சிவப்பும் வயிற்றுவலியும். இவற்றுட் சில கண்ணாடி மாற்ற வேண்டியதைப் போலவும், சில வயிற்றுக்கோளாறு போலவும், சில, எமக்குத் தோன்றியவாறு, சோம்பல் போலவும் வேடம் பூண்டு வரும். ஷண்டுடையார்க்கு எல்லாத் தலைவலியும் ஷண்டினால் அன்று. சளிபிடித்தாலும் தலை வலிக்கும். ஆயினும் ஐயம் நேர்ந்தால் காத்திருத்தல் ஆகாது. அன்றைக்கே மூளை அறுவை மருத்துவர் உள்ள இடத்திற்குச் சென்று படம் எடுத்தல் வேண்டும். தாமதத்தால் பார்வை இழந்தோர் உண்டு. உயிர் இழந்தோரும் உண்டு. நலமாயிருந்தபோது எடுத்த பழைய படம் கையிலிருப்பின், மருத்துவர் இரண்டையும் ஒப்புநோக்கி விரைவில் முடிவு செய்வர். சிலர்க்கு அறைகள் படத்தில் விரியாமலே அழுத்தம் ஏறுதலும் உண்டாதலின், நோயாளியின் சொல்லையும் தாயின் சொல்லையும் மருத்துவர் ஒதுக்குவதில்லை. அன்றிரவு அவ்வம்மையார், “இவன் கண் சரியில்லை” என்ற ஒன்றையே திரும்பத் திரும்பக் கூறினாராம்.

இவ்வளவு கேட்டபின் ஷண்டுடையாரைக் கண்ணாடிப் பாத்திரம்போல் பேண வேண்டும் என எண்ணுவார் உளர். அது பெரும்பிழை. புண் ஆறியபின் அவர் ஓடலாம், மிதிவண்டி ஓட்டலாம், நீந்தலாம், ஆற்றுச் சுழலுக்கு அஞ்சுவதானால் அது நம் அனைவர்க்கும் பொதுவான அச்சம். குத்துச்சண்டை போன்று தலையில் அடிபடும் விளையாட்டுகளை விலக்குதல் நன்று. கபடி, கால்பந்து முதலியவற்றைத் தம் மருத்துவரைக் கேட்டு ஆடலாம். ஆகாய விமானத்திற் செல்லத் தடையில்லை. வெளியிலிருந்து காந்தத்தால் அளவு மாற்றத்தக்க வால்வ் உடையார் மட்டும் வலிய காந்தங்களைத் தலைக்கருகே கொணராதிருத்தல் வேண்டும். காந்தப்படம் எடுத்தபின் வால்வின் அளவு மாறிற்றா எனச் சோதித்துக்கொள்ள வேண்டும். வயிற்றில் வேறு அறுவை நேருமாயின் அம்மருத்துவரிடம் குழாய் உண்மையை முன்னரே கூறுதல் கட்டாயம்.

கல்வியைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூறுதல் எம் கடன். இந்நோயுற்றவருட் பலர் நன்கு பயின்று பட்டம் பெறுகின்றனர். ஆயின் சிலர்க்கு, அறைகள் விரிந்திருந்த காலத்து மூளையின் இழைகள் நெருக்குண்டமையால், சில தனிப்பட்ட இடர்கள் உள. பேச்சு சரளமாயிருக்கும், ஆகவே ஆசிரியர் ஒரு குறையும் காணார். கணக்கின் படிகளை வரிசைப்படுத்துதலும், ஒரே நேரத்தில் கேட்டு எழுதுதலும், பெரும் இரைச்சலில் கருத்தூன்றுதலும் அவர்க்கு அரியவாகும். கரும்பலகைக் குறிப்பைப் படியெடுக்க நேரம் போதாது. இதனை மந்தபுத்தி என்பது பொருந்தாது. அச்சிட்ட குறிப்பும் சிறிது நேரமும் கொடுத்தால் தீரும் இடர் அது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டத்தின்படி உரிய அளவு குறைபாட்டுச் சான்றிதழ் பெற்றார்க்கு, தேர்வில் மணிக்கு 20 நிமிடத்திற்குக் குறையாத மிகைநேரம் அளித்தல் வேண்டும் என 2018இல் நடுவண் அரசு நெறிமுறை வகுத்தது. ஷண்டுடையார் அனைவரும் அச்சான்றிதழுக்கு உரியரல்லர். உரியார் கேளாதிருத்தலே மிகுதி.

கேளாதிருத்தற்குக் காரணம் மறைத்தல். நம் மாணவர் கல்லூரியிற் சேர்ந்தபோது விண்ணப்பத்தில் உடல்நிலை கேட்ட வரியில் ‘நலம்’ என்றே எழுதியிருந்தார். “எழுதினால் இடம் தருவாங்களோ மாட்டாங்களோன்னு பயம் சார்” என்றார் அவர் தாயார். ஒரு பெண்ணாயின் அச்சம் இன்னும் பெரிது. மணம்பேச வருவாரிடம் கூறுவதா, கூறாதிருப்பதா என்னும் கேள்வி வீட்டை வாட்டும். ஷண்டுடைய மகளிர் கருவுற்று நலமே பிள்ளை பெறுகின்றனர். மருத்துவர் சிறிது நெருங்கிக் கவனிக்க வேண்டும், அவ்வளவே. இதனை ஊரார் அறிந்திருந்தால் மறைக்க வேண்டிய தேவை பாதி குறையும். மறைத்தவரைக் குறைகூற எமக்கு வாயில்லை. அன்று எம் சொல்லைக் கேட்டு நகைத்த வகுப்பை நினையுந்தோறும், அவ்வகுப்பிலே தன் தலைக்குழாயைப் பற்றி எவர்தாம் எழுந்து கூறுவார் என்றே எண்ணுகின்றோம்.

தைத் திங்களில் அவர் திரும்பி வந்தார். தலையின் ஒருபுறம் மயிர் குறுகி முளைத்திருந்தது. யாம் வகுப்பிலேயே, நகைத்தவர் அனைவரும் கேட்க, எம் பிழையைக் கூறினோம். அவர் நாணிச் சிரித்து, “பரவாயில்லை சார், எங்க அம்மாவே முதல் நாள் அப்படித்தான் திட்டினாங்க” என்றார். பின்னர் அவராகவே எழுந்து, காதின் பின்புறத்து மேட்டைக் காட்டி, ஐந்து நிமிடம் விளக்கினார். “அழுத்திப் பார்க்கலாமா?” என்றார் ஒருவர். “தொட்டுப் பார், அழுத்தாதே” என்றார். யாம் கூறிய முக்கொம்பு உவமையைக் கேட்டுவிட்டு, அதில் ஒரு திருத்தமும் செய்தார்: மேலணையில் நீர் எவ்வளவு ஏறியது என்பதைக் கரையில் நின்று எவரும் காணலாம், தம் அணையில் ஏறுவதைத் தாம் ஒருவரே முதலில் அறிவதாகவும், அறியும்போது அதனைச் சொல்லும் நிலையில் தாம் இல்லாதிருக்கக் கூடுமெனவும் கூறினார்.

அதன்பின் அவர் ஒரு சிற்றட்டை எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஷண்ட் வைத்த ஆண்டு, மாற்றிய ஆண்டுகள், வால்வின் வகை, மருத்துவமனை, தாயாரின் தொலைபேசி எண் ஆகியவை அதில் உள்ளன. அதன் படி ஒன்று துறை அலுவலகத்திலும், ஒன்று ஸ்ரீரங்கம் பேருந்தில் உடன்வரும் நண்பர் இருவரிடத்தும் இருந்தது. பட்டம் பெற்றுச் சென்ற நாளில், துறையிலிருந்த படியைத் திரும்பக் கேட்டு வந்தார். வேலையில் சேரும் இடத்தில் கொடுப்பதற்காம்.